எண்பத்தேழு நீல விசைகள்

மே 2, வெள்ளி

மடிக்கணினியில் ‘ன’ விசை கழன்று மேசைக்கு அடியில் போய்விட்டது. தேடி எடுத்து அமுக்கிப் பார்த்தேன், உட்கார மறுக்கிறது. ‘ன’ இல்லாமல் ஒரு பத்தியாவது எழுத முடியுமா என்று அரை மணி நேரம் முயன்றேன். நான், அவன், என்ன, ஏன் எதுவும் கிடையாது. ‘எண்’ மட்டும் தப்பித்தது.

நான் எழுதிக்கொண்டிருப்பது தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான புள்ளியியல் நூல். பன்னிரண்டு பாடங்கள், ஜூன் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். மூன்று முடிந்திருக்கிறது. கல்லூரியின் கோடை விடுமுறையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்று குறித்து வைக்கத்தான் இந்த நாட்குறிப்பும். இன்று பூஜ்யம்.

காலையில் இவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒன் புத்தகம் முடியட்டும். ஜூன் கழிச்சு நான் புளியங்குடிக்குப் போயி தோப்புலயே இருக்கலாம்னு பாக்கேன்” என்றார். புளியங்குடியில் இவருடைய அண்ணனுக்கு எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. அதில் ஓர் அறையும் உண்டு.

“எத்தன நாளைக்கு?” என்று கேட்டேன்.

செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். நான் திரும்பக் கேட்கவில்லை. இருபத்துநான்கு வருட மணவாழ்க்கையில் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அது என் கொள்கை. போன நவம்பரில், இன்னும் ஆறு வருடம் பாக்கி இருக்கையில், பள்ளியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து “போதும்” என்று ஒற்றைச் சொல் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு இயற்பியல் நடத்தியே தலை நரைத்தவர். அப்போதும் ஏன் என்று ஒருமுறைதான் கேட்டேன்.

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழு நடத்தும் தானியேல் பிடித்துக்கொண்டார். “ஜெயசிங் சார் எட்டு மாசமா பயிற்சிக்கு வரலியே டீச்சர். அடித்தளக் குரலுக்கு ஆளில்லாம கட்டடமே ஆடுது.” இவர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்ல முடியாதே. வேலை இருக்கும் என்றேன். ஓய்வு பெற்றவருக்கு என்ன வேலை என்று தானியேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மே 6, செவ்வாய்

விசை கதையைக் கணினித் துறை பிரின்சியிடம் சொன்னேன். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் ஏதோ ஒன்றில் பைத்தியமாக இருப்பாள். இரண்டு வருடம் முன்பு மீன்தொட்டி. இப்போது விசைப்பலகை.

“மடிக்கணினியிலயா மேடம் அறநூறு பக்கம் அடிக்கப் போறீங்க? விரலுக்குப் பாவம் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டுத் துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்தாள். உள்ளங்கை அளவு. அதில் ஒன்பது விசைகள், ஒவ்வொன்றுக்கு அடியிலும் ஒவ்வொரு நிற சுவிட்ச். எதனோடும் இணைப்பு கிடையாது. தட்டிப் பார்க்க மட்டும்.

“சிவப்பு வழுக்கிட்டே போவும். பழுப்பு நடுவுல ஒரு முட்டு முட்டும். நீலம் டிக்குன்னு சொல்லும். மத்ததெல்லாம் இது மூணோட சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி ஒரு வாரம் தட்டிட்டு எது ஒங்க விரல்னு சொல்லுங்க.”

‘எது உங்கள் விரல்’ என்பதற்கெல்லாம் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேயிலை ருசி பார்ப்பவர்கள் ‘மழைக்குப் பிந்தைய மண்’ என்பார்களே, அந்த வகை. மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டேன்.

மே 8, வியாழன்

தேர்வுக் குழுக் கூட்டம் மூன்று மணி நேரம். மடியில் பையை வைத்து, பைக்குள் கையை விட்டு, ஒன்பதையும் தட்டிக்கொண்டிருந்தேன். முதல்வர் இருமுறை மின்விசிறியைப் பார்த்தார்.

மே 10, சனி

நீலம்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே சிரிக்க உதவும். நீலத்தில் பாதி வழி போனதும் ஒரு ‘டிக்’. எழுத்து விழுந்துவிட்டது என்று அர்த்தம். அடிவரை அமுக்க வேண்டியதில்லை, விரலை எடுத்துவிடலாம். சிவப்பில் அப்படி ஒரு சேதியும் வராது; அடியில் போய் முட்டினால்தான் நமக்குத் தெரியும். பேனா மூடி பூட்டிக்கொள்ளும் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஒரு பலகைக்கு எண்பத்தேழு விசை; நீலம் போட்டால் எண்பத்தேழு பேனா மூடி.

பிரின்சிக்குச் செய்தி அனுப்பினேன். “வீட்டுல கேட்டுட்டீங்களா மேடம்? நீலம் வாங்குமுன்னே வீட்டாள்கிட்ட சம்மதம் வாங்கணும், அது எங்க கீபோர்டு குழுவோட முதல் சட்டம்” என்று பதில் வந்தது. என் வீட்டில் யாரிடம் என்ன கேட்பது.

மே 13, செவ்வாய்

பொதி வந்தது. கொண்டுவந்தவர் வாசல் மணியை நாலு தரம் அடித்திருக்கிறார், நான் குளியலறையில். மணிக்கு ஆறடி தள்ளி முன்னறையில் இவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து கதவைத் திறக்கவில்லை. நான் ஈரத் தலையோடு ஓடி வந்தால் நிமிர்ந்து, “என்ன வாங்கியிருக்கே?” என்கிறார்.

“கீபோர்டு.”

“ஓ” என்றார். கொஞ்சம் நல்ல ‘ஓ’ தான்.

மே 14, புதன்

பதினோரு பக்கம். இதுவரை ஒரு நாளில் ஐந்தைத் தாண்டியதில்லை.

பலகையின் அடியில் தடித்த துணி விரித்துவிட்டேன். விரல் மேலோட்டமாகப் போகிறது. டிக் டிக் டிக் என்று எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நிகழ்தகவுப் பரவல் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் வந்தது என்று சொன்னால் எந்த மாணவியும் நம்ப மாட்டாள். இடைவெளி விசை மட்டும் லொடலொடக்கிறது. அதன் கம்பிக்கு மசகு போட வேண்டும் என்கிறாள் பிரின்சி.

சண்டை வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். எட்டடி தூரத்தில் இவர் மூன்று மணி நேரம் செய்தித்தாள் படித்தார். வாயைத் திறக்காமலே கண்டனம் தெரிவிப்பதில் இவருக்கு நிகர் கிடையாது.

மே 19, திங்கள்

பிரின்சி: “சார் ஒண்ணுமே சொல்லலியா? எங்க வீட்டுல அவரு ரெண்டாம் நாளே அத சன்னல் வழியா எறிஞ்சிருவேன்னாரு. ஒங்க சார் தெய்வம் மேடம்.”

“தெய்வமும் பதில் சொல்லாது” என்றேன்.

மே 22, வியாழன்

குக்கர் நாலு விசிலுக்கு அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தெரு முனையிலேயே தீய்ந்த வாடை. இவர் அடுக்களைக்கு அடுத்த அறையில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு எண்ணத் தெரியாதா ஒரு பௌதிக வாத்தியாருக்கு?” என்றேன்.

அடிப்பிடித்த குக்கரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சாம்பல் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தார். பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்பு அது அவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை.

மாலையில் புனேயிலிருந்து மகள் ஷைனி கூப்பிட்டாள். இவர் வழக்கம்போல “நல்லாருக்கியாம்மா, இந்தா அம்மாட்ட பேசு” என்று என்னிடம் நீட்டிவிட்டார். அவள் அங்கே வேலைக்குப் போனதில் இவருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது போலிருக்கிறது. இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

நானும் கொஞ்சம் இறங்கி வரலாம் என்று சிவப்பு சுவிட்ச் ஒரு தொகுதி வாங்கினேன். இந்தப் பலகையில் பழையதை இடுக்கியால் பிடுங்கிவிட்டுப் புதியதைச் சொருகலாம். சொருகுவதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சையும் திறந்து உள்ளே தூரிகையால் மசகு தடவினால் சத்தம் அடங்கும் என்பது பிரின்சியின் வேதம். எண்பத்தேழு முறை. பைத்தியக்கார வேலை. பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன்.

பத்தாவது சுவிட்சில் இவர் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “அதக் குடு” என்று இடுக்கியை வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் ஆய்வகத்தில் பெண்பிள்ளைகளின் உடைந்த மின்சுற்றுகளைச் சரிசெய்த கை. மயிரிழை தடிமன் ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அமுக்க எத்தன கிராம்?”

“நாப்பத்தஞ்சு.”

“அஞ்சு பைசா எடைக்கு ஆடுற மாதிரி இருக்கு. மசகு ஜாஸ்தி போடாத. ஒட்டிக்கிட்டா மேல வராது.”

“பிரின்சியும் அதத்தான் சொல்லுதா.”

“யாரு, அந்த மீன்தொட்டிப் பிள்ளையா?”

சிரித்தேன். இவரும் சிரித்தார். மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து எண்பத்தேழையும் முடித்தோம். ஸ்பிரிங்கைப் பற்றி, அதிர்வைப் பற்றி, இவர் பள்ளியில் ஒருத்தி ஸ்பிரிங் தராசில் தன் சடையைத் தொங்கவிட்டு எடை பார்த்ததைப் பற்றி. கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் வந்தது. இவர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். மூக்கில் மசகு ஒட்டியிருந்ததாகப் பிற்பாடு கண்ணாடியில் தெரிந்தது. அதனால்தான் பார்த்தாரோ என்னவோ.

மே 28, புதன்

துணியை எடுத்துவிட்டுச் சிவப்பைத் தேக்கு மேசைமேலேயே வைத்துத் தட்டினால் ஆழமான சத்தம் வரும் என்று பிரின்சி சொல்லியிருந்தாள். வந்தது. நல்ல கட்டையில் மோதிரவிரல் கணு படுவது போன்ற ஓர் அடக்கமான டொக். நீலத்தோடு ஒப்பிட்டால் இது பரம சாது.

அரைப் பக்கம் கூட முடியவில்லை. “என்னது அது, டொக்கு டொக்குன்னு?” என்றார். “காலையிலயே கட்டில் கால அடிக்க மாதிரி.”

இரண்டு வாரம் நீலத்தின் கூச்சலைச் சகித்துக்கொண்டவர், நான் விட்டுக்கொடுத்து, மசகு தடவி, சாந்தப்படுத்திய பிறகு புகார் சொல்கிறார். மூன்று பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

எட்டாவது பாடம்: கருதுகோள் சோதனை. எடுத்துக்காட்டுக்கு வழக்கமாக விதை முளைப்பும் மருந்தும்தான். புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. கருதுகோள்: இவருடைய புகாருக்கும் சத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நான் செய்கிற எதுவும் புகாருக்குரியதே. நிரூபித்துவிடலாம்.

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, பாடநூலுக்கு ஒரு சோதனை, நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றேன். பக்கத்துப் பக்கத்து விசைகளில் சிவப்பு, நீலம், பிரின்சியின் பலகையிலிருந்து எடுத்த பழுப்பு மூன்றையும் சொருகிவிடுவேன். சீட்டுக் குலுக்கி, வருகிற நிறத்தைத் தட்டுவேன். நீங்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை சத்தத்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.

வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நான் முதுகக் காட்டிக்கிட்டு உக்காரணும். ஒன் கைய பாக்கக் கூடாது” என்றார்.

“சரி.”

“ஃபேன நிறுத்தணும்.”

“மே மாசத்துலயா? சரி.”

“வெறுந்தட்டும் சேத்துக்க. தட்டாமலே தட்டுனேன்னு சொல்லு. அது இல்லாட்டி சோதனையே இல்ல.”

புள்ளியியல்காரி நான், அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

பாளையங்கோட்டையில் இன்று பகல் பதினோரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

நாற்பது சீட்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் பத்து, வெறுந்தட்டு பத்து. எவர்சில்வர் தம்ளரில் போட்டுக் குலுக்கினேன். எட்டடி தள்ளிச் சுவரைப் பார்த்து நாற்காலியில் இவர். நான் தட்டிவிட்டு மேசைமேல் ஸ்கேலை ஓங்கி ஒருமுறை அடிப்பேன். அது கேட்டதும் இவர் விரலால் மதிப்பெண் காட்டுவார். எப்போதும் தட்டுவதுபோலவே தட்டினேன்: சிவப்பை அடிவரை, நீலத்தை டிக் என்னும் வரை.

மாலையில் கூட்டிப் பார்த்தேன். சிவப்பு: எல்லாம் நாலு, ஐந்து. பழுப்பு: இரண்டு, மூன்று. நீலம்: எட்டு முறை பூஜ்யம், இரண்டு முறை ஒன்று. வெறுந்தட்டு: ஒன்பது முறை பூஜ்யம், ஒருமுறை ஒன்று.

கிண்டல் செய்திருக்கிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு சீட்டுகளைத் திரும்ப எடுத்து வரிசையைச் சரிபார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு எது நீலம், எது வெறுமை என்று எப்படித் தெரியும்? தெரியாமல் எப்படிக் கிண்டல் செய்ய முடியும்?

இன்று பக்கம்: பூஜ்யம்.

ஜூன் 2, திங்கள்

வாசல் மணி குருவிச் சத்தம் போடுகிற வகை. குக்கர் விசில். ஷைனியின் குரல் சின்ன வயதிலிருந்தே கீச்சுக் குரல். பாடகர் குழுவில் முன்வரிசைப் பெண் குரல்கள். செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் நின்று நான் கேட்கிற கேள்விகள், எப்போதும் ஒரே ஒருமுறை.

எட்டாவது பாடத்தில் நானே எழுதியிருக்கிறேன்: குற்றம் செய்யாதவரைக் குற்றவாளி என்று முடிவு செய்வது முதல் வகைப் பிழை.

ஜூன் 5, வியாழன்

சொல்லவில்லை. நாலு நாளாக மதிப்பெண் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து போய் எதிரே நின்று பேசுகிறேன். “என்ன, இப்பல்லாம் ரொம்ப நடக்கே?” என்றார்.

ஜூன் 7, சனி

காலை காப்பிக்குப் பிறகு தாளை இவர் முன்னால் வைத்தேன். சராசரிகளுக்கு அடியில் கோடு போட்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வரைபடத் தாளோடு திரும்பி வந்தார்.

பென்சிலால் தீட்டிய கோடு. கிடைமட்டத்தில் அதிர்வெண், செங்குத்தில், மேலிருந்து கீழாக, கேட்கத் தேவையான சத்தம். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ்வரை சமமாக வந்த கோடு அதற்கப்பால், கீச்சுச் சத்தங்களின் பக்கம், படிக்கட்டிலிருந்து உருண்டதுபோல இறங்குகிறது. தேதி: போன வருடம் அக்டோபர் 12. கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலியை வைத்துத் தன்னைத் தானே சோதித்திருக்கிறார். மூன்று முறை அளந்து சராசரி எடுத்திருக்கிறார்.

“கடைசி பெஞ்சுல ஒரு பிள்ள சந்தேகம் கேட்டா” என்றார். “மூணு தரம் கேட்டா. நான் மூணு தரமும் வேற எதையோ விளக்குனேன். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா வேல பாத்திருப்பேன்.”

தாளை என் பக்கம் திருப்பி வைத்தேன். அளவுகோல் சரியாகக் குறிக்கப்பட்ட, மிகச் சுத்தமான வரைபடம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ ஆதாரம் கேப்பே.”

“ஆதாரம்தான் இருக்கே.”

“இருக்கு. எடுத்து நீட்டத்தான் வரல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “வெறுந்தட்ட சேக்கச் சொன்னது நீங்கதான. தெரிஞ்சேதான சொன்னீங்க?”

“ம்” என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்ப புளியங்குடி?”

“எலுமிச்ச மரம் பேசாதுல்லா.”

ஜூன் 9, திங்கள்

காதுக் கருவி என்று ஆரம்பித்தேன். “மாட்டிக்கிட்டுத் திரியவா? தாத்தா மாதிரியா? வேண்டாம் மலர்” என்று எழுந்துவிட்டார்.

பின்னாலேயே போய் எதிரே நின்றேன். “ஒரு கீபோர்டு வாங்க ஒம்போது சுவிட்ச அஞ்சு நாள் தட்டிப் பாத்தேன். நீங்க ஒண்ணக்கூட மாட்டிப் பாக்காம வேண்டாம்ங்கீங்க. எந்த ஊரு ஆய்வு முறை இது?”

சிரிக்காமல் இருக்க முயன்றார். “அப்ப ஒம்போது கருவி மாட்டணுமா?”

“ரெண்டுல ஆரம்பிப்போம்.”

ஜூன் 14, சனி

கேட்பியல் நிலையத்துப் பெண்ணுக்கு ஷைனி வயதுதான் இருக்கும். கண்ணாடி அறைக்குள் இவரை உட்காரவைத்துச் சோதித்தாள். முடிவை அச்செடுத்து வந்தபோது இவர் சட்டைப்பையிலிருந்து தன் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

“இது எங்க எடுத்தது சார்?”

“வீட்டுல.”

“யாரு எடுத்தா?”

“நான்தான்” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியை நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். இரண்டு வாரம் மாட்டிப் பார்க்க ஒரு ஜோடிக் கருவி தந்திருக்கிறார்கள். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 15, ஞாயிறு

தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே நின்று திரும்பிப் பார்த்தார். செய்தித்தாளைப் பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார். பால்காரர் வந்தபோது, “இந்தக் குருவி எப்ப கூடு கட்டுச்சு?” என்றார்.

“அது நம்ம வாசல் மணி. மாட்டி நாலு வருசம் ஆச்சு.”

“கேவலமா இருக்கு. மாத்தணும்.”

ஆறு பக்கம்.

ஜூன் 19, வியாழன்

கருவி இரண்டு நாளாக டப்பாவில் கிடக்கிறது. மிக்சி மண்டைக்குள் ஓடுகிறதாம். கரண்டி விழுந்தால் பல் கூசுகிறதாம். மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. இது கொள்கையால் அல்ல, பயத்தால்.

பிரின்சியிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் வீட்டு விஷயத்தை வெளியில் சொன்ன முதல் நாள். அவள் கொஞ்சமும் அதிரவில்லை. “மேடம், பெட்டியிலருந்து எடுத்தவொடனே எந்தக் கீபோர்டாவது நல்லாருக்குமா? லொடலொடன்னுதான் இருக்கும். திறந்து, பூசி, அட்ட வச்சு, அப்புறந்தான அது நம்மது. சாரோட கருவியையும் டியூன் பண்ணச் சொல்லுங்க.”

அதை அப்படியே போய் இவரிடம் சொன்னேன். “மசகு போடணும்ங்காளா?” என்றார்.

ஜூன் 21, சனி

நான் எழுந்து வருவதற்குள் கருவி டப்பாவோடு தனியாகவே கிளம்பிப் போயிருக்கிறார். எந்தெந்த அதிர்வெண்ணில் குத்துகிறது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுபோனாராம். இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணை உட்காரவைத்து மாற்றவைத்திருக்கிறார். பாவம் அவள். வந்ததும் மிக்சியைப் போடச் சொன்னார். ஓடவிட்டேன். தலையை ஆட்டினார்.

மாலையில் ஷைனி கூப்பிட்டாள். முப்பத்தொரு நிமிடம் பேசினார். என்னிடம் நீட்டவே இல்லை. கடைசியில் அவள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: அப்பாவுக்கு என்னாச்சு?

ஜூன் 30, திங்கள்

பன்னிரண்டு பாடங்களையும் அனுப்பிவிட்டேன். நானூற்றுப் பதினெட்டுப் பக்கம். எட்டாவது பாடத்தில் விதை முளைப்பையே போட்டேன். சில சோதனைகள் பாடநூலுக்கு அல்ல.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முந்தாநாள். திருப்பவில்லை. ஆனால் மத்தியானம் பெட்டியை எடுத்து வைத்தார். அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், எலுமிச்சை பறிப்பு.

“எத்தன நாளைக்கு?” என்றேன், எதிரே நின்றுதான், காதில் கருவி இருக்கத்தான்.

“போயிப் பாப்போம்” என்றார்.

கேட்டும் இந்தப் பதில்தான் என்றால், பழியைப் போட இனிக் காது கூட இல்லை. மூன்றரை மணிப் பேருந்து.

ஜூலை 1, செவ்வாய்

வேலை எதுவும் இல்லை. சிவப்பைப் பிடுங்கிவிட்டு நீலத்தை எல்லா இடத்திலும் சொருகினேன். எழுத எதுவும் இல்லாததால் கடைச் சாமான் பட்டியலைத் தட்டினேன். உளுந்து, பருப்பு, சவர பிளேடு. பிளேடு எனக்கு எதற்கு? அழித்தேன்.

ஜூலை 2, புதன்

பட்டியலில் பிளேடைத் திரும்பச் சேர்த்தேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் இவரே கூப்பிட்டார். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், கை அதன் பாட்டுக்குப் பலகையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. தோப்பு, மழை, அண்ணன் மகனின் புது வண்டி என்று சொல்லிக்கொண்டே போனார்.

“எப்ப வாரீங்க?” என்றேன்.

பின்னணியில் யாரோ கூடைகளை இறக்கினார்கள். பதில் வரவில்லை. என் விரல்கள் நின்றன. பிறகு வாயைத் திறந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்ட கேள்வியைக் கையோடு திரும்பக் கேட்டேன்.

“எப்ப வாரீங்கன்னு கேட்டேன்.”

“மொதல்லயே கேட்டுச்சு” என்றார். “அதுக்குப் பின்னால என்னமோ டிக்கு டிக்குன்னு கேட்டுது. அதத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீலமா?”

“நீலம்தான்.”

“இதையா ரெண்டு வாரம் எம் பக்கத்துல வச்சு அடிச்சே? தகரத்துல ஆலங்கட்டி பேஞ்ச மாதிரி. மனுசன் இருப்பானா அந்த வீட்டுல?”

“இருந்தீங்கள்லா.”

“அப்ப கேக்கல. நாளைக்குச் சாயங்காலம் வாரேன். சனிக்கெழம பாடகர் பயிற்சி இருக்குல்லா. அதுக்குள்ள அதக் கழத்தி வை.”

ஜூலை 4, வெள்ளி

சிவப்பு சுவிட்சுகள் எண்பத்தேழையும் எண்ணி டப்பாவில் போட்டு, ஏணி வைத்து ஏறி, பரணில் தகரப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இடைவெளி விசையின் கம்பிக்கு மட்டும் மசகு போட்டேன். நீலம் மேசைமேல் இருக்கிறது.

வந்து நேரில் சொல்லட்டும்.